பிடுங்கினாலும் ஓடும் மெஷின்

பிளெக்ஸ் பேனர் அடிக்கிறவர்களைப் பற்றி யாரும் நல்லதாக எழுதியதில்லை. நானும் எழுதப் போவதில்லை. இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் கடையை வைத்திருந்தோம். அவர் பிரின்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்வார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தலை வெட்டுவேன்.

தலை வெட்டுவதுதான் எங்கள் தொழிலின் உயிர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று எது நடந்தாலும் பேனரில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தாக வேண்டும். ஒவ்வொருவர் போட்டோவையும் ஸ்கேன் செய்து, பின்னால் இருக்கும் சுவரையும் செடியையும் நீக்கி, தலையை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். பிறகு மாமன்மார் ஒரு பக்கம், பங்காளிகள் ஒரு பக்கம் என்று அடுக்க வேண்டும். ஒருவர் தலை அடுத்தவர் தலையைவிட அரை விரல் சிறுத்திருந்தால் விசேஷ வீட்டில் அடிதடி. உயிரோடு இருப்பவர்கள் கீழே வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். செத்தவர்கள் மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், முட்டை வடிவ வட்டத்துக்குள் மாலையோடு இருப்பார்கள். பேருக்கு முன்னால் 'தெய்வத்திரு' வரும். எழுத்துப் பிழையை மன்னிக்கிற எங்கள் சனம், இந்த மேல் கீழ் மாறினால் மன்னிக்காது.

ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதிதாக வெட்டிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவரிசை என்று கம்ப்யூட்டரில் வைத்திருந்தோம். அடுத்த விசேஷம் வரும்போது அதைத் திறந்து, பிறந்தவர்களைச் சேர்த்து, செத்தவர்களை மேலே தூக்கி, அதே பெயரிலேயே திரும்பச் சேமித்துவிடுவேன். மேலே தலைப்பை மட்டும் மாற்றினால் பேனர் தயார். முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி வரைக்கும் எத்தனையோ ஊர்களின் முகம் எங்கள் டிஸ்க்கில் இருந்தது.

அந்த டிஸ்க் ஒரு கோடையில் செத்துப் போனது. எங்கள் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடல்காற்று வேறு இரும்பை அரித்துத் தின்னும். ஒவ்வொரு குடும்பமாகப் போன் போட்டு, போட்டோவை மறுபடி கொண்டுவரச் சொன்னேன். வாங்க வேண்டிய திட்டெல்லாம் வாங்கினேன்.

"எங்க தலையத் தொலைச்சிட்டியாக்கும்?"

"வெட்டுனது பத்தாதுன்னு தொலைக்கவும் செஞ்சியா தாயி?"

அப்போதுதான் தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டுப் போகும் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். ஒரு டிஸ்க்குக்கு இரண்டாகப் போடலாம். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது அப்படியே வேலை செய்யும். கண்ணாடிக்கு முன்னால் நிற்பதுபோல என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் வாய் கொஞ்சம் நீளம். நான் நம்பவில்லை. மாட்டி முடித்த பிறகு சொன்னேன்:

"ஒண்ணைப் புடுங்கிக் காட்டுங்க பாப்போம்."

"எதுக்குக்கா புடுங்கணும்? நல்லாத்தானே ஓடுது."

"நல்லா ஓடுறப்ப எல்லாந்தான் ஓடும். செத்தா ஓடுமான்னு பாக்கணும்ல. புடுங்குங்க."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"கரண்டு போறப்ப எங்கிட்டக் கேட்டுக்கிட்டா போகுது?"

அவர் முனகிக்கொண்டே பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒரு டிஸ்க்கின் வயரை உருவினார். திரையில் ஒரு கல்யாணப் பேனர் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் உறைந்து நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மாப்பிள்ளையின் தலை நான் இழுத்த பக்கம் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் கைதட்டினார்.

மெக்கானிக் வயரைத் திரும்ப மாட்டினார். "இத்தோட முடியலக்கா" என்றார். "புடுங்கியிருந்த நேரத்துல ஒண்ணு முன்னாடி போயிருச்சு, ஒண்ணு பின்தங்கிருச்சு. மாட்டிட்டா மட்டும் ரெண்டும் ஒண்ணாயிராது. மெஷினை அணைச்சுப் போடுறப்ப செவப்பா ஒரு வரி வரும். அப்ப இந்தப் பொத்தானை அமுக்கி உள்ள போயி, திரும்பக் காப்பி பண்ணச் சொல்லணும். ராத்திரி பூரா ஓடட்டும். அது முடிஞ்சாத்தான் பழையபடி சோடி. இன்ஷா அல்லாஹ், அதுக்கப்புறம் கவலை இல்லை."

அதையும் அவரே செய்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் சவுதிக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சோதனை ரொம்பப் பிடித்துப் போனது. கடைக்கு யார் வந்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. "மதுரையிலகூட இப்பிடிக் கிடையாது. ஒரு டிஸ்க்கைப் புடுங்கிட்டாலும் ஓடும்." பக்கத்து டீக்கடைக்காரர் "அப்ப பொண்டாட்டியும் ரெண்டு வச்சுக்க வேண்டியதுதானப்பா" என்றார். "ஒண்ணு இருக்கிறப்பவே நான் உறைஞ்சு போயி நிக்கிறேன்ணே" என்றார் இவர். இந்தச் சிரிப்பெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள்.

சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமம். மிளகாய் விவசாயம். புது வீட்டுக்குப் பால் காய்ச்ச பேனர் வேண்டும் என்றார்கள். அவர் கலகலப்பான ஆள், உட்காரவே மாட்டார். கடையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு விலை கேட்டார். அவர் மனைவி இடுப்பில் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட இளையவள். அந்த பேனருக்காகப் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்த அவள் போட்டோ எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் பெரிய வட்டப் பொட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் மல்லிகைப் பூ. வரிசையில் அவரையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி வைங்கக்கா, சண்டைக்காரங்க மாதிரி இருக்கு" என்றார் அவர்.

"கடையில வந்து என்ன பேச்சு பேசுறீக" என்று அவள் திட்டினாள்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தன் மெஷின் பெருமையை எடுத்தார். அந்த ஆள் விடவில்லை. "நெசமாவா? நான் புடுங்கவா?" என்று தகட்டைக் கழற்றச் சொன்னார். பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து, இவர் காட்டிய வயரைப் பிடித்து, வெடி வைக்கிறவர்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு உருவினார். திரை உறைந்து, மறுபடி ஓடியது. "அட! செத்தும் சாகல பாரேன்" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இவர் வயரைத் திரும்ப மாட்டினார். அதோடு டீ குடிக்கப் போய்விட்டார். மெஷினை அணைத்துப் போட்டு, உள்ளே போய், காப்பி பண்ணச் சொல்லும் வேலையைக் கடை சாத்தும்போது இவர் செய்வார் என்று நான் இருந்தேன். கம்ப்யூட்டர் என் பொறுப்பு, நான் செய்வேன் என்று இவர் இருந்தார்.

அந்தச் சிவப்பு வரியை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று பிறகு பலர் கேட்டார்கள். காலையில் கடை திறப்பது இவர். கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வருவார். அதற்குப் பிறகுதான் மானிட்டரைப் போடுவார். போட்டதும் திரையில் முருகன் படம் தெரிய வேண்டும், அதற்குச் சூடம் காட்ட வேண்டும். முருகனுக்கு முன்னால் வேறு எந்த எழுத்தும் தெரியக் கூடாது என்பது இவர் வைத்திருந்த சட்டம். பகலில் கரண்ட் போய் வந்தாலும் அதே சட்டம்தான். தினமும் சிவப்பு வரி வந்து, யாரும் பார்க்காமல், போய்க்கொண்டிருந்தது. எல்லா வேலையும் ஒரு டிஸ்க்கில் நடந்தது. மற்றது, அந்த மனிதர் வயரை உருவிய நிமிஷத்திலேயே நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்து அவர் செத்துப் போனார். சாயல்குடி ரோட்டில் லாரி மோதிவிட்டது. கண்ணீர் அஞ்சலி பேனர் எங்களிடம்தான் அடித்தார்கள். வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள், அடித்துக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் அதற்கு மேல் நினைக்க நேரம் இருக்காது. நான் முகங்களைப் பார்ப்பதே இல்லை, ஓரங்களைத்தான் பார்ப்பேன். காது எங்கே முடிகிறது, முடி எங்கே முடிகிறது என்பதுதான் எனக்குத் தெரியும்.

மறுவருஷம் அவள் தன் தம்பியோடு வந்தாள். குழந்தைக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும். இந்த முறை இடுப்பில் குழந்தை இல்லை, பூ இல்லை, நெற்றி வெறுமையாக இருந்தது. நான் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அதை அவளும் கவனித்தாள்.

விஷயத்தை அவளே சொன்னாள். புருஷனின் அண்ணன், அவள் மூத்தார், காரியம் முடிந்த கையோடு "ஒன் தம்பி வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷமாகத் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். குலதெய்வக் கோயில் சாவி மூத்தாரிடம் இருக்கிறது.

"அவுக வந்து நடை தொறந்தாத்தான் உண்டுக்கா. அப்பன் வழிச் சாமி முன்னால காது குத்துனாத்தான் எம்பிள்ளை அவுக வீட்டுப் பிள்ளை. இல்லைன்னா நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னு நான் இன்னாரு மகள்னு அது சொல்ல முடியாது. நடையா நடந்து சம்மதிக்க வச்சிருக்கேன். ஒரு குத்தம் குறை வரக் கூடாது."

"வராது. சொல்லு, என்ன செய்யணும்?"

"அவுக படத்த மேல தூக்கி வச்சிருங்க." நிறுத்தினாள். "என் நெத்தியக் கழுவி விட்ருங்க. மூத்தாரு சொல்லிட்டாக."

புதுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்றேன். எடுத்தால் மூஞ்சி அழுத மூஞ்சியாக விழுகிறது என்று தம்பி சொன்னான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொட்டுக்குப் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து அதன்மேல் தடவினேன். இரண்டு இழுப்பில் போய்விட்டது. பூவை முடியின் கறுப்பால் மூடினேன்.

"இம்புட்டுத்தானாக்கா?" என்றாள். "அன்னைக்கு எங்க வீட்டுல ஊரே கூடிச் செஞ்சாக."

எனக்குக் கோபம் வந்தது, அந்த மூத்தார்மேல். கோபம் வந்தால் நான் யாரையும் விடமாட்டேன் என்று சந்துக்கே தெரியும். ஆனால் கை வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதே பெயரில் சேமித்தேன். பேனரை முழுசாகக் காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டேன். பிரின்ட் மட்டும் பாக்கி.

விசேஷத்துக்கு முந்தின நாள் மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு முறை வந்தபோது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'டிக் டிக்' என்று சத்தம். திரை இருண்டது. மறுநாள் நல்ல முகூர்த்தம், பத்துப் பன்னிரண்டு பேனர் நிற்கிறது. இவர் அணைத்துப் போட்டார். கொஞ்சம் தயங்கி, முருகன் வந்துவிட்டார்.

"பாத்தியா! தாங்கிருச்சு பாத்தியா!" இவர் துள்ளினார். "ஒண்ணு செத்தாலும் ஒண்ணு நிக்கும்னு நான் சொல்லல?"

நானும் அப்படித்தான் நம்பினேன். டிஸ்க் ஒன்று போய்விட்டது, மற்றது காப்பாற்றிவிட்டது. நாங்கள் போட்ட சோதனை வீண்போகவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. தேடியபோது, முடித்து வைத்திருந்த பேனர்கள் ஒன்றும் இல்லை. கரண்ட் அடித்ததில் கடைசியாகச் செய்தவை பதியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். குடும்பத் தலைவரிசைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதுதானே முக்கியம்? வெளியே ஆட்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தலைப்புகளை மறுபடி அடித்தேன், தலைவரிசைகளைக் கீழே இறக்கினேன், ஒவ்வொன்றாக மெஷினுக்கு அனுப்பினேன். 'காதணி விழா' என்று பெரிதாக அடித்து, அவள் குடும்ப வரிசையையும் இறக்கினேன். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. அவள் தம்பி பொழுது சாயும்போது வந்து, சுருட்டிய பேனரைப் பிரிக்காமலே வண்டியில் கட்டிக்கொண்டு போனான்.

காலையில் அவன் போன் செய்தபோது பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது.

"என்னக்கா இப்புடிப் பண்ணிட்டீக? மச்சான உசுரோட நிப்பாட்டி வச்சிருக்கீக. அக்காவுக்குப் பொட்டும் பூவுமா இருக்கு. மூத்தாரு நடைய தொறக்க மாட்டேங்குறாரு!"

கடைக்கு ஓடிப் போய் அந்தத் தலைவரிசையைத் திறந்தேன். இருவரும் ஒட்டி நின்று சிரித்தார்கள். மேலே வட்டத்துக்குள் அவருடைய அய்யா மட்டும் இருந்தார். பிறகு மற்ற எல்லாவற்றிலும் தேதியைப் பார்த்தேன். அந்த மனிதர் கடையில் குத்தவைத்து வயரை உருவிய நாளுக்குப் பிறகு அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட இல்லை. கண்ணீர் அஞ்சலி இல்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் நான் மேலே தூக்கிய எல்லாரும் கீழே இறங்கி நின்றார்கள்.

"நீதான காப்பி போட்டிருக்கணும்" என்றார் இவர்.

"யோவ், வாயத் தொறந்த, மெஷினத் தூக்கி மண்டையில போட்ருவேன்."

முழு பேனரையும் திரும்ப அடித்து, காயவைத்து, கொண்டு போவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். இப்படித் தவறினால் எங்கள் தொழிலில் ஒட்டுப் போடுவோம். பிழையான எழுத்தின்மேல் சரியான எழுத்தை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டுவோம். அவள் கன்னத்தின் நிறத்தில் ஒரு துண்டு அடித்தேன், நெற்றிக்கு. முடியின் கறுப்பில் இரண்டு, பூவுக்கு. பின்னணி நீலத்தில் ஒரு பெரிய துண்டு, கீழே அவர் முகத்தை மறைக்க. மாலையோடு அவர் முகம் ஒன்று, மேலே ஒட்ட. இவர் வண்டியை ஓட்ட, நான் துண்டுகளைப் பின்னால் உட்கார்ந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

கோயில் ஊருக்கு வெளியே பனைகளுக்கு நடுவில் இருந்தது. கடல் தெரியாது, காற்று மட்டும் தெரியும். நடை சாத்தியிருந்தது. உடைமர நிழலில் சனம் உட்கார்ந்திருந்தது, கிடாய் ஒன்று கட்டியிருந்தது, நாவிதர் கத்தியைத் தீட்டி முடித்து வெறுமனே இருந்தார். மூத்தார் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. எதிரே இரண்டு சவுக்குக் கம்பில் என் பேனர் விறைப்பாக நின்றது. செத்தவரும் அவளும் ஆள் உயரத்துக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாக பாரு உசுரு குடுக்குறவுக" என்றாள் ஒரு கிழவி.

"எம்புருசனையும் எறக்கி விடு தாயி, கேக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றாள் இன்னொருத்தி. சில பேர் சிரித்தார்கள். மூத்தார் சிரிக்கவில்லை.

"என்னம்மா, நக்கலா?" என்றார் என்னைப் பார்த்து.

"கம்ப்யூட்டர் போயிருச்சுய்யா. பழசு வந்துருச்சு."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது, சரி. ஒனக்குத் தெரியாதா? நீதான இவ நெத்திய அழிச்சேன்னு சொன்னாக. அழிச்சவளுக்குத் தெரியாதா?"

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அழித்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒட்டு கொண்டாந்துருக்கேன். இப்பவே சரி பண்ணிர்றேன்."

"பண்ணு. அதுக்கப்புறம் தொறக்கிறேன்."

மூங்கில் ஏணி ஒன்றைக் கொண்டுவந்து சாத்தினார்கள். என் வீட்டுக்காரர் ஏறப் போனார். "ஆம்பளை ஏறி எங்க வீட்டுப் பொம்பளை மூஞ்சியத் தொடுறதா?" என்று யாரோ கத்த, அவர் நின்றுவிட்டார். நான் சேலையை இழுத்துச் செருகினேன். அப்போது அவள் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தாள். வெளுத்த சேலை. ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்கக்கா. நான் புடிச்சுக்கிறேன்."

முதலில் மேலே, வட்டத்துக்குப் பக்கத்தில், மாலை போட்ட முகத்தை ஒட்டினேன். பிறகு இறங்கி, கீழே அவர் முகத்துக்கு நேராக வந்து, அந்தப் பெரிய நீலத் துண்டின் பின் காகிதத்தை உரித்தேன். மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் குறி பார்த்தேன். பின்னாலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. வேறு குரலாக இருந்தது.

"இந்தா, நில்லு. அவன மறைக்காத."

திரும்பிப் பார்த்தேன். படியிலிருந்து எழுந்திருந்தார். தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஒண்ணு ஒட்டிட்டேல்ல. கீழ அவன் அப்பிடியே இருந்துட்டுப் போறான். எந்தம்பி சிரிச்ச மாதிரி இருக்கான். மறைக்காத." துண்டால் கண்ணைத் துடைத்தார். பெண்கள் சிலர் அழுதார்கள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த நெத்திய மட்டும் சரி பண்ணிரு" என்றார்.

நான் ஏணியில் அப்படியே நின்றேன். எனக்கு அப்போது வந்த வார்த்தைகளை எழுதினால் அச்சில் வராது. கீழே குனிந்து பார்த்தேன். அவள் மேலே என்னைப் பார்க்கவில்லை, கோயில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றான்.

"ஒட்டுங்கக்கா" என்றாள் மெதுவாக. "நேரம் போகுது."

ஏணியை நகர்த்தி வைத்தார்கள். பொட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. கடையில் திரையில் செய்தபோது அது என் சுண்டுவிரல் நகம்கூட இல்லை. பின்னால் இத்தனை கண்கள் இல்லை. காகிதத்தை உரித்து, நெற்றியில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினேன். குமிழி வந்தது, அதையும் ஓரத்துக்குத் தள்ளித் தேய்த்தேன். பூவின்மேல் கறுப்பை ஒட்டினேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றி வெறுமையான அவள் ஒரு பக்கம், அவளை ஒட்டிக்கொண்டு உயிரோடு சிரிக்கிற புருஷன் ஒரு பக்கம். என் கை வேலை அது. சுத்தமாக இருந்தது.

மூத்தார் சாவியை அவிழ்த்தார். நடை திறந்தது. சனம் எழுந்து உள்ளே போனது. நாங்கள் கிளம்பப் பார்த்தோம், தம்பி விடவில்லை. "சாப்பிடாமப் போனா எங்கக்கா கோவிச்சுக்கிரும்" என்று நிழலில் உட்கார வைத்தான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போகவில்லை. பேனருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ போகலையா?"

"மொட்டை போட்டு காது குத்துற வரைக்கும் வெளிய நிக்கச் சொல்லிட்டாக. பெறகு பிள்ளையக் கையில குடுப்பாக."

உள்ளே குழந்தை சிணுங்குவது கேட்டது. நாவிதர் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். காற்று ஏறியது. பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் திடீரென்று என்னைப் பார்த்தாள், பிறகு கண்ணாலேயே மேலே காட்டினாள். நெற்றித் துண்டின் ஒரு முனை கிளம்பியிருந்தது. புழுதி படிந்த துணியில் அவசரமாக ஒட்டினால் அப்படித்தான் ஆகும். கீழே சிவப்பு எட்டிப் பார்த்தது. மூத்தார் நடை வாசலில் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவள் கை ஏணியைப் பிடித்துவிட்டது.

நான் எழுந்து போய் ஏறினேன். அந்த முனையைத் திரும்ப மடக்கி, நெற்றியின் நடுவில் கட்டைவிரலை வைத்து, பசை பிடிக்கிற மட்டும் அழுத்திப் பிடித்தேன். கை எடுத்தால் மறுபடி கிளம்பிவிடுமோ என்று எடுக்கவே இல்லை. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. பெண்கள் குலவை போட்டார்கள். அவள் ஏணியை விட்டுவிட்டு கோயிலுக்குள் ஓடினாள். ஏணி ஆடியது. நான் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.